மரண சாதன நிறைவேற்றுநர் இழுத்தடித்தால்: திருகோணமலை வாரிசுகள் செய்யவேண்டியவை

அந்தியேட்டி முடிந்து உறவினர்கள் கலைந்த பின்னர், மூத்த பிள்ளையிடம் மற்றப் பிள்ளைகள் கேட்கத் தயங்கும் கேள்வி ஒன்று உண்டு. "அம்மா எழுதிவைத்த உறுதி என்னவாயிற்று?" கேட்டால் ஆசைக்காரர் என்று பெயர் வருமோ என்ற அச்சத்திலேயே முதலாவது திவசம் கடந்துபோகும், இரண்டாவதும் போகும். இதற்கிடையில் உப்புவெளியில் உள்ள வீட்டின் வாடகையை ஒருவர் வாங்கிக்கொண்டிருப்பார், வங்கிப் புத்தகம் ஒருவரின் அலுமாரியில் இருக்கும், கனடாவிலுள்ள தங்கை தொலைபேசியில் அழுதுகொண்டிருப்பாள். இந்த நிலைக்கு வந்த, நீதிமன்றப் படியேறிப் பழக்கமில்லாத வாரிசுகளுக்காகவே இக்கட்டுரை எழுதப்படுகிறது. சண்டை பிடிப்பது எப்படி என்று இது சொல்லாது. மரண சாதனத்தை (இறந்தபின் சொத்து யாருக்கு என்று எழுதிவைக்கும் ஆவணத்தை) நிறைவேற்றப் பெயரிடப்பட்டவரே நிறைவேற்றுநர்; அவரது தாமதம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதையே சொல்லும். ஏனெனில் ஒவ்வொரு கட்டத்துக்கும் பரிகாரம் வேறு.

முதலில் கையிலுள்ளது என்ன ஆவணம் என்று பாருங்கள்

எங்கள் ஊரில் எழுதப்பட்ட காகிதம் எதையும் "உறுதி" என்றே சொல்வார்கள். தாயார் தமக்குச் சீவிய உரித்தை (உயிருள்ளவரை அனுபவிக்கும் உரிமையை) வைத்துக்கொண்டு நன்கொடை உறுதி எழுதியிருந்தால், காணியின் உரிமை எழுதிய காலத்திலேயே பிள்ளைக்குக் கைமாறிவிட்டது. அவரது மரணத்தோடு சீவிய உரித்து நீங்குகிறது, அவ்வளவுதான். அந்தக் காணிக்கு நிறைவேற்றுநரும் தேவையில்லை, மரண சாதன வழக்கும் தேவையில்லை. மரண சாதனம் அப்படியானதல்ல. எழுதியவர் உயிரோடிருக்கும்வரை அதற்கு உயிர் கிடையாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி அது நொத்தாரிசு ஒருவர் முன்னிலையில் இரண்டு சாட்சிகளுடனோ, நொத்தாரிசு இல்லாவிட்டால் ஐந்து சாட்சிகளுடனோ கைச்சாத்திடப்பட்டிருக்க வேண்டும். வீட்டு மேசையில் எழுதி அயலவர் இருவர் ஒப்பமிட்ட தாளை வைத்துக்கொண்டு, "நான்தான் நிறைவேற்றுநர்" என்று ஒருவர் இரண்டு வருடம் அதிகாரம் செய்ததை நான் கண்டிருக்கிறேன். அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

திருகோணமலை மாவட்டத்தில் இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கந்தளாய், சேருவில, மூதூர், குச்சவெளிப் பக்கங்களில் பல குடும்பங்களின் வயலும் குடியிருப்பும் 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணிகளாகும். இவற்றின் பின்னுரித்து அந்தச் சட்டத்தின்படியே செல்கிறது. வாழ்க்கைத்துணை யார், பதிவுசெய்யப்பட்ட பின்னுரித்தாளர் யார் என்பனவே அங்கு முதற் கேள்விகள். பதிவுசெய்யப்பட்டவர் இல்லாதபோது ஆண் வாரிசுகளுக்கு முன்னுரிமை கொடுத்த பழைய ஒழுங்கு 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மாற்றப்பட்டது. ஆகவே "போமிட் காணியை அண்ணன் பிரித்துத் தரவில்லை" என்ற முறைப்பாட்டை நீதிமன்றத்துக்கு எடுத்துச் செல்லுமுன், பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் அந்தக் காணியின் கோப்பைப் பார்த்துவிட வேண்டும். நிறைவேற்றுநருக்கு அதில் கைவைக்கும் அதிகாரமே இல்லாமலும் இருக்கலாம்.

வங்கி வைப்பில் ஒருவர் பெயர் குறித்து நியமிக்கப்பட்டிருந்தாலும் அல்லது ஊழியர் சேமலாப நிதியில் பின்னுரித்தாளர் குறிக்கப்பட்டிருந்தாலும், அப்பணம் பெரும்பாலும் அவருக்கே நேரடியாகச் செல்லும். இவற்றையெல்லாம் கழித்த பிறகு மிஞ்சுவதே நிறைவேற்றுநர் கணக்குக் காட்டவேண்டிய ஆதனம்.

உங்கள் பங்கு எது

மரண சாதனம் இருந்தால் பங்கை அதுவே சொல்லும். 1844ஆம் ஆண்டிலிருந்தே இலங்கையில் ஒருவர் தம் சொத்தைத் தாம் விரும்பியவருக்கு எழுதிவைக்கும் சுதந்திரம் உடையவர். பிள்ளை என்பதற்காகக் கட்டாயப் பங்கு என்று பொதுச் சட்டத்தில் ஒன்றில்லை. சாதனத்தில் பெயர் இல்லாதவர் நிறைவேற்றுநரின் தாமதத்தைப் பற்றி முறையிடுவதில் பயனில்லை. அவர் சாதனத்தின் செல்லுபடியையே எதிர்க்க வேண்டும், அது வேறு வழக்கு. சாதனம் குறிப்பிடாமல் விட்ட சொத்துக்கு மட்டும் மரபுரிமைச் சட்டம் பொருந்தும். 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வருபவர்களுக்கு வாழ்க்கைத்துணை அரைவாசி, மிகுதி பிள்ளைகளுக்குச் சமமாக. முஸ்லிம்களுக்கு 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் பொருந்தும். வடக்கைப் பூர்வீகமாகக் கொண்டு தேசவழமைக்கு உட்பட்ட குடும்பத்தவர் திருமலையில் குடியிருந்தாலும் அந்த வழமை அவர்களைத் தொடரக்கூடும்; அப்போது முதுசமும் (பரம்பரையாக வந்த சொத்து) தேடியதேட்டமும் (மணவாழ்வில் தேடிய சொத்து) வேறுவேறாகக் கணிக்கப்படும். எந்தச் சட்டம் உங்களுக்குரியது என்பதைச் சட்டத்தரணியிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

வழக்கேட்டைப் பார்ப்பது

எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். பெரும்பாலோர் தவறவிடுவதும் இதைத்தான். உறவினர் வாய்ச்சொல்லில் "வழக்குப் போட்டாயிற்று", "கோட்டில் இழுபடுகிறது" என்று கேட்பவை எவற்றையும் நம்பவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். மாவட்ட நீதிமன்றப் பதிவகத்துக்குச் சென்று, இறந்தவரின் பெயரில் மரண சாதன வழக்கு ஏதும் உண்டா, அதன் இலக்கம் என்ன என்று விசாரியுங்கள். மூதூர், கந்தளாய்ப் பகுதியினர் தங்கள் இடம் எந்த நீதிமன்றத்தின் நியாயாதிக்கத்துக்குள் வருகிறது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது ஒரு பகல் அலைச்சலை மிச்சப்படுத்தும். இறந்தவர் கொழும்பில் காலமாகியிருந்தாலோ, சாதனத்தை வைத்திருப்பவர் வேறு மாவட்டத்தில் வசித்தாலோ வழக்கு அங்கேயும் தொடங்கப்பட்டிருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். மரண அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதி, உங்கள் பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை ஆகியவற்றைக் கையில் கொண்டு செல்லுங்கள். சட்டத்தரணி ஒருவர் ஊடாக நகர்த்தல் பத்திரம் (நீதிமன்றத்துக்கான எழுத்து விண்ணப்பம்) இட்டு வழக்கேட்டைப் பார்வையிடுவதும், உறுதிப்படுத்தப்பட்ட பிரதிகள் பெறுவதும் எளிது.

அந்த ஏட்டில் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டியவை திகதிகள். சாதனம் எந்தத் திகதியில் நீதிமன்றில் வைப்பிலிடப்பட்டது, மனு எப்போது கொடுக்கப்பட்டது, பத்திரிகை அறிவித்தல் எப்போது வந்தது, யாராவது ஆட்சேபித்தார்களா, நிரூபண அத்தாட்சி (சாதனத்தை ஏற்று நிறைவேற்றுநருக்கு நீதிமன்றம் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) எந்த நாளில் வழங்கப்பட்டது, சொத்து விபரப் பட்டியல் கோவையிடப்பட்டதா, இறுதிக் கணக்கு கோவையிடப்பட்டதா என்று ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். நான் பார்த்த அளவில், இந்தத் தாளை மேசையில் வைத்த கணத்திலேயே பாதிக் குடும்பங்களில் பேச்சின் தொனி மாறிவிடுகிறது. "இழுத்தடிக்கிறாய்" என்று சொல்வதைவிட, "அத்தாட்சி கிடைத்துப் பதினாறு மாதம், கணக்கு இன்னும் இல்லை" என்று சொல்வது கனமானது.

அத்தாட்சிக்கு முன்னரான தாமதம்

சாதனத்தைக் கையில் வைத்திருப்பவர் அதை மறைத்து வைக்க உரிமையற்றவர். குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 516ஆம் பிரிவு, மரணத்தின் பின் இயன்ற விரைவில் அதை மாவட்ட நீதிமன்றத்தில் ஒப்படைக்கும் கடமையை, அதை வைத்திருப்பவர்மீதும் கண்டெடுத்தவர்மீதும் சுமத்துகிறது. சாதனத்தை நிரூபிப்பதற்கான மனு, அது கண்டெடுக்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் கொடுக்கப்பட வேண்டும் என்பது 524ஆம் பிரிவு. இக்காலம் கடந்துவிட்டால் எல்லாம் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். காரணம் காட்டிப் பிந்தியும் வருகிறார்கள். ஆனால் அது நிறைவேற்றுநர் தம் வசதிப்படி நாள் பார்ப்பதற்கான விடயமல்ல என்பதை அந்த மூன்று மாத எல்லை காட்டுகிறது.

நிறைவேற்றுநராகப் பெயரிடப்பட்டவர் அசையாவிட்டால், முதலில் பதிவுத் தபாலில் மரியாதையான கடிதம் ஒன்று அனுப்புங்கள். அதில் இரண்டு கேள்விகள் போதும்: நீங்கள் இப்பொறுப்பை ஏற்கிறீர்களா, ஏற்பதாயின் எத்திகதிக்குள் மனுக் கொடுப்பீர்கள்? பொறுப்பை ஏற்கும்படி எவரையும் கட்டாயப்படுத்த முடியாது. விலகிக்கொள்ளும் உரிமை அவருக்கு உண்டு. சில வேளைகளில் வயதான மாமா ஒருவர் வெட்கத்தினால்தான் சொல்லாமல் இருப்பார், கடிதம் அவருக்கு ஒரு வாசலைத் திறந்துவிடும். அவர் விலகினாலும், பதிலே இல்லாவிட்டாலும், வாரிசோ சாதனக் கொடை பெறுபவரோ கடன் கொடுத்தவரோ தாமே மனுச் செய்து, சாதனம் இணைக்கப்பட்ட நிருவாக அதிகாரத்தை (சாதனத்தின்படி சொத்தை நிருவகிக்கும் அதிகாரத்தை) வேறொருவருக்கு வழங்கும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம். சாதனத்தின் மூலப்பிரதி கிடைக்காவிட்டால் அதை எழுதிய நொத்தாரிசைத் தேடுங்கள். அவரிடம் பிரதி ஒன்று இருக்கும்.

பொறுக்கவேண்டிய தாமதம் எது

எல்லாத் தாமதமும் துரோகமல்ல. ஆட்சேபனை வந்தால் விசாரணை நடக்கும், அது மாதக்கணக்காகவல்ல, வருடக்கணக்காகவும் போகும். காணி உறுதிகள் போர்க்காலத்தில் அழிந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதிகள் எடுக்க வேண்டும். இறந்தவரின் கடன்கள் தீர்க்கப்படாமல் பங்கு பிரித்துக் கொடுக்கும் நிறைவேற்றுநர், பின்னர் கடன்காரர் வந்தால் தாமே மாட்டிக்கொள்வார். மரண வரி 1980களிலேயே நீக்கப்பட்டுவிட்டதால், "வரி அலுவல் முடியவில்லை" என்று காரணம் சொல்பவரிடம், எந்த வரி என்று மட்டும் மெதுவாகக் கேளுங்கள்.

எங்கள் மாவட்டத்துக்கே உரிய தாமதம் ஒன்றும் உண்டு: வாரிசுகளில் ஒருவர் போர்க்காலத்தில் காணாமற்போனவராக இருப்பது. அவரது பங்கை யார் பெறுவது என்று தெரியாமல் வழக்கு நின்றுவிடும். 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மரணத்தைப் பதிவுசெய்ய வழியிருக்கிறது. மரணம் என்று எழுதுவதற்கு மனம் ஒப்பாத குடும்பங்களுக்காக, 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் காணாமற்போனமைக்கான சான்றிதழை அறிமுகப்படுத்தியது. எதைத் தெரிவது என்பது அந்தக் குடும்பத்தின் முடிவு. நிறைவேற்றுநர் அவர்களை நெருக்கக் கூடாது; ஆனால் அந்தப் பங்கைத் தனியே ஒதுக்கிவைத்துவிட்டு மற்றவர்களின் பங்குகளைத் தீர்க்க முடியுமா என்று நீதிமன்றத்தின் பணிப்பைக் கேட்கலாம்.

இதற்கு மாறாக, நிலாவெளிக் கடற்கரையோரக் காணிக்கு உல்லாச விடுதிக்காரர் நல்ல விலை தருவார், அதுவரை பொறுங்கள் என்று சொல்வது ஏற்கத்தக்க காரணமல்ல. விலை ஏறும்வரை வைத்திருப்பதா என்று தீர்மானிக்கும் உரிமை காணி சேரவேண்டியவருக்கே உரியது.

பன்னிரண்டு மாதக் கடிகாரம்

நிரூபண அத்தாட்சி வழங்கப்பட்ட நாளிலிருந்து பன்னிரண்டு மாதம் முடிவதற்குள், நிறைவேற்றுநர் தமது நிருவாகத்தின் உண்மையான இறுதிக் கணக்கைச் சத்தியத்தின்மேல், பற்றுச்சீட்டுக்கள் சகிதம் நீதிமன்றத்தில் கோவையிட வேண்டும் என்று குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 551ஆம் பிரிவு சொல்கிறது. வயது வராதவர்களுக்குரிய பணத்தை அப்போதே நீதிமன்றத்தில் வைப்பிலிடவும் அவருக்கு வழியுண்டு. அடுத்த பிரிவு, 552, வாரிசுகளின் கையில் உள்ள கூரிய கருவி. அத்தாட்சி கிடைத்து ஒரு வருடத்துக்குள் கடன்காரருக்கும் வாரிசுகளுக்கும் சாதனக் கொடை பெறுபவர்களுக்கும் சேரவேண்டிய பணத்தைக் கொடுக்கத் தவறினால், அதன்பின் தம் கையில் வைத்திருக்கும் தொகைக்கு அவர் தமது சொந்தப் பணத்திலிருந்து வட்டி கொடுக்கப் பொறுப்பாவார். தகுந்த காரணம் காட்டினாலே விலக்கு. ஆதனத்திலிருந்தல்ல, சொந்தப் பையிலிருந்து என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். முப்பது இலட்சம் ரூபாயை வங்கியிலிருந்து எடுத்துத் தம் கணக்கில் போட்டுவிட்டு "பிரிப்போம், பிரிப்போம்" என்று சொல்லும் அண்ணருக்கு, ஒவ்வொரு மாதமும் செலவேறுகிறது என்பதை இந்தப் பிரிவு நினைவூட்டும்.

எனவே ஒரு வருடம் கடந்துவிட்டால் செய்யவேண்டியது இது. சட்டத்தரணி ஊடாக எழுத்து மூலக் கேள்வி ஒன்றை அனுப்பி, கணக்கையும் கொடுப்பனவையும் கோருங்கள்; பதிலுக்கு இரண்டு வாரமளவில் தவணை கொடுங்கள். பதில் வராவிட்டால் அதே மரண சாதன வழக்கில், மனுவும் சத்தியக் கடதாசியும் இட்டு, சொத்து விபரப் பட்டியலையும் கணக்கையும் கோவையிடும்படி நிறைவேற்றுநருக்குக் கட்டளையிடுமாறு கேட்கலாம். புதிய வழக்குத் தொடர வேண்டும் என்று யாரும் சொன்னால் ஏன் என்று விளக்கம் கேளுங்கள். ஆதனத்தில் உரித்துள்ளவர் எவரும் அந்த வழக்கிலேயே நீதிமன்றத்தை நாடலாம் என்பதற்காகவே கோவையில் நிறைவேற்றுநர்களை மேற்பார்வை செய்யும் ஓர் அத்தியாயம் உள்ளது. நிறைவேற்றுநரை அழைத்துக் கணக்கின் ஒவ்வொரு வரியைப் பற்றியும் விசாரிக்க முடியும். வாடகை, நெல் விற்ற காசு, குத்தகைப் பணம், தோட்டத்துத் தேங்காய் வரை கணக்கில் வரவேண்டும். அவரது உழைப்புக்குச் சட்டம் அனுமதிக்கும் கழிவு ஒன்று உண்டு. அதைக் கேட்பது தவறல்ல, நீதிமன்றம் அனுமதிக்காமல் தாமே எடுத்துக்கொள்வதுதான் தவறு.

வந்த கணக்கை அவசரப்பட்டு ஏற்று ஒப்பமிடாதீர்கள். "முழுப் பங்கும் பெற்றேன், இனிக் கோரிக்கை இல்லை" என்ற தாளை, பணம் கைக்கு வருமுன் நல்லெண்ணத்தில் ஒப்பமிட்டுவிட்டுத் தவித்தவர்கள் பலர்.

சொத்து கைமாறாமல் காப்பது

பணத்தைவிட நிலம் ஆபத்தானது. நிலத்தின் உரிமை இறந்த கணத்திலேயே வாரிசுகளைச் சேர்கிறது, ஆனால் கடன் தீர்ப்பதற்காக அதை விற்கும் நிருவாக அதிகாரத்துக்கு உட்பட்டே சேர்கிறது என்பது 1907ஆம் ஆண்டின் சில்வா எதிர் சில்வா வழக்கிலிருந்து நிலைபெற்ற கருத்து. அந்த அதிகாரத்தின் பெயரால் கடனே இல்லாத ஆதனத்தின் காணி விலைபேசப்படுவதாகக் கேள்விப்பட்டால் நாள் கடத்தாதீர்கள். காணிப் பதிவகத்தில் அந்தக் காணியின் பதிவேட்டுப் பக்கத்தைத் தேடிப் பாருங்கள். 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் முன்னெச்சரிக்கை அறிவித்தல் ஒன்றைப் பதிந்தால், அக்காணிமீது வேறு ஆவணம் பதிவுக்கு வரும்போது உங்களுக்கு அறிவிப்பு வரும். விற்பனை நெருங்கிவிட்டால் இடைக்காலத் தடை உத்தரவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இது சட்டத்தரணியின்றிச் செய்யக்கூடிய வேலையல்ல.

பொலிஸ் நிலையத்துக்கு ஓடுவது பலரின் முதல் எண்ணம். பெரும்பாலும் "இது குடியியல் விடயம்" என்று திருப்பி அனுப்புவார்கள். கையாடல் நடந்ததற்கு வங்கிக் கூற்றுப் போன்ற எழுத்துச் சான்று இருந்தாலன்றி, அந்தப் படி உறவைக் கெடுப்பதோடு முடிந்துவிடும்.

இன்னொரு பயத்தையும் தீர்த்துவிடுகிறேன். அண்ணன் பத்து வருடம் வீட்டில் இருந்துவிட்டால் ஆட்சியுரிமையால் வீடு அவருடையதாகிவிடும் என்று சொல்வார்கள். 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் பத்து வருட எதிரிடையான உடைமையைச் சொல்கிறது என்பது சரிதான். ஆனால் பங்காளி ஒருவரின் உடைமை மற்றப் பங்காளிகளுக்கு எதிரானதாக இயல்பில் கருதப்படாது. அவர்களை வெளிப்படையாக மறுத்து வெளித்தள்ளியதைக் காட்ட வேண்டும் என்று 1911ஆம் ஆண்டில், அப்போது இலங்கைக்கு இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டன் பிரிவிக் கவுன்சில் கொரேயா எதிர் அப்புஹாமி வழக்கில் தீர்த்தது. இருந்தாலும் அந்தத் தீர்ப்பை நம்பிப் படுத்துறங்க வேண்டாம். நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு பதிவுத் தபால் கடிதத்தின் பற்றுச்சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். போரினால் இடம்பெயர்ந்து காணிக்கு வரமுடியாதிருந்தவர்களுக்கு, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைப் பற்றிய சிறப்பு ஏற்பாடு 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் செய்யப்பட்டது.

நிறைவேற்றுநரை நீக்குவது

கோவையின் 536ஆம் பிரிவின்படி, அத்தாட்சி வழங்கப்பட்டிருக்கவே கூடாது என்று தெரியவந்தாலும், பின்னர் நிகழ்ந்தவற்றால் நிருவாகம் நடைபெற முடியாததாகவோ பயனற்றதாகவோ ஆகிவிட்டாலும், நீதிமன்றம் அதைத் திரும்பப் பெற்று இரத்துச் செய்யலாம். வெறும் மந்தத்தனத்துக்காக மட்டும் இதைக் கேட்பது பெரும்பாலும் வெற்றிபெறாது. நிறைவேற்றுநர் வெளிநாடு சென்று திரும்பாமை, கடும் நோய், கட்டளையிட்ட பின்னும் கணக்குக் காட்டாமை, ஆதனப் பணத்தைச் சொந்தப் பணத்தோடு கலத்தல் போன்றவை ஆவணத்துடன் இருக்க வேண்டும். கணக்குக் கட்டளையை முதலில் பெறுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்: பணிந்தால் கணக்கு வரும், பணியாவிட்டால் நீக்குவதற்கான காரணம் தானாகவே ஏட்டில் ஏறும்.

வெளிநாட்டில் இருப்பவர்களும் செலவும்

வெளிநாட்டிலுள்ள வாரிசு ஒவ்வொரு தவணைக்கும் வரத் தேவையில்லை. இலங்கைத் தூதரகத்தில் அற்றோணித் தத்துவம் (தம் சார்பில் செயற்பட ஒருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) கைச்சாத்திட்டு அனுப்பலாம். அது இலங்கையில் பதிவுசெய்யப்பட வேண்டும். கவனம் என்னவென்றால், அதே நிறைவேற்றுநரின் பெயருக்கே அந்தத் தத்துவத்தை எழுதிக் கொடுத்துவிட்டு அவர்மீதே முறையிட வருபவர்கள் இருக்கிறார்கள். விற்கும் அதிகாரத்தை விலக்கி, வழக்குக்கு மட்டும் என்று வரையறுத்து எழுதச் சொல்லுங்கள்.

சட்டத்தரணிக் கட்டணம் கட்ட முடியாதவர்கள் 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்; வருமானத்தைக் காட்டக் கிராம அலுவலரின் சான்று கொண்டு செல்லுங்கள். பல வாரிசுகள் ஒரே பக்கத்தில் நின்றால் ஒரே சட்டத்தரணிக்குப் புறொக்ஸி (வழக்கில் தம் சார்பில் தோன்றும் அதிகாரப் பத்திரம்) கொடுப்பது செலவைப் பாதியாக்கும்.

கடைசியில் நிறைவேற்றுநர் இணங்கி வந்தால், வாய்ப்பேச்சோடு விடாமல் நிறைவேற்றுநரின் கைமாற்ற உறுதியை நொத்தாரிசு முன் எழுதுவித்து, எல்லைகளையும் நில அளவையாளரின் வரைபட இலக்கத்தையும் பழைய உறுதியுடன் ஒப்பிட்டுப் பார்த்து, காணிப் பதிவகத்தில் பதிந்து, உள்ளூராட்சி மன்றத்தின் ஆதன வரி இடாப்பில் உங்கள் பெயரை மாற்றுவித்துக்கொள்ளுங்கள். வரி இடாப்பில் இறந்தவரின் பெயரே பதினைந்து வருடம் நிற்கும் வீடுகள் இந்த நகரில் ஏராளம். அவற்றை விற்கப் போகும் நாளில்தான் அடுத்த தலைமுறை இதே பதிவகத்தின் வாசலில் வந்து நிற்கிறது.